ஒரு ‘ஹோய்த்து’ படுத்திய பாடு

1999 ஜூலை 14, புதன். காலை 5.50-க்கு எழுந்தேன். 6.15-க்குப் பால். 6.30 முதல் 7.10 வரை நடை. தூறல் இருந்ததால் குடையுடன். 8.20-க்கு இட்லி, நான்கு. 9.05-க்கு தேவராஜ மொஹல்லாவில் மெக்கானிக் மாதேஷின் கடை வாசலில் நின்றேன். பையில் என் மைத்துனனின் வீடியோ கேம் மெஷின்.

டைம்கீப்பர் வேலை பார்க்கிறவனுக்கு இந்த வயதில் எதற்கு வீடியோ கேம் என்கிறீர்களா? எனக்கில்லை, என் மனைவி சரோஜாவுக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி ரவி, மார்ச்சில் வந்தபோது அதை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். கார் ரேஸும் சொல்லிக் கொடுத்தான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத சரோஜா, ஒரே வாரத்தில் பிரேக் போடாமல் வளைவில் திரும்ப ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது ரவி ஒன்றே ஒன்று சொன்னான். “எவ்வளவு வேணா ஆடுங்க மாமா. திறந்து மட்டும் பாத்துடாதீங்க. பின்னால ஒரு ஸ்டிக்கர் இருக்கு, அது கிழிஞ்சா வாரண்டி போச்சு.”

“என்கிட்டயா சொல்றே?” என்றேன்.

ஜூனில் திறந்தேன்.

என்ன செய்வது? மைசூரில் கிடைப்பதெல்லாம் காப்பி டிஸ்க். மெஷினோ காப்பியைத் தொடாது. ஒரிஜினலில் ஏதோ ரகசிய அடையாளம் உண்டாம், காப்பியில் அது வராதாம். மாதேஷ் உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பைப் பற்றவைத்தார். ‘அடையாளம் இருக்கிறது’ என்று மெஷினிடம் பொய் சொல்வதுதான் அந்தச் சிப்பின் உத்தியோகம். ஸ்டிக்கரையும் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்து, பழையபடி ஒட்டிக் கொடுத்தார்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. போன ஞாயிறு, ரவி கூரியரில் அனுப்பிய புது டிஸ்க்கைப் போட்டோம். சுத்தமான ஒரிஜினல். திரை சிவந்தது... மெஷினில் யாரோ கை வைத்திருப்பதாகத் தெரிகிறது, இந்த எண்ணுக்கு போன் செய்யவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிப் இருக்கிறதா என்று இப்போது டிஸ்க்கே மோப்பம் பிடிக்கிறது. காப்பியைப் போட்டபோதெல்லாம் வாயைத் திறக்காத மெஷின், ஒரிஜினலைப் போட்டதும் காட்டிக்கொடுத்தது.

“போன் பண்ணித்தான் பாருங்களேன்,” என்றாள் சரோஜா. “மைசூர்ல ஒரு டைம்கீப்பர் மாட்டினார்னு எழுதிக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன் மாலை ஏழரைக்கு ரவி வருகிறான், மெஷினை எடுத்துப் போக. வந்ததும் அந்த டிஸ்க்கைத்தான் போடுவான். சொன்ன சொல், எடுத்த பொருள் எடுத்த இடம் என்று பதினெட்டு வருடமாக அவனுக்கு உபதேசம் செய்தவன் நான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

“கழட்டிடலாமுங்க சார்,” என்றார் மாதேஷ். ஹனூர்க்காரர், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். “ஆனா போடறதைவிட எடுக்கறதுதானுங்க கஷ்டம். போர்டு கருகிருச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

மாலை 3.20. என் ஆபீஸுக்கு மாதேஷிடமிருந்து போன். ஒரே இரைச்சல்.

“சார்... ஹோய்த்து...”

கட்.

கன்னடம் தெரியாதவர்களுக்கு: ஹோய்த்து என்றால் போச்சு. திரும்ப போன் செய்தேன், கிடைக்கவில்லை. டைரியை எடுத்து இரண்டே வார்த்தை எழுதினேன்: ‘மெஷின் போச்சு.’ ரகசிய அடையாளம், ஸ்டிக்கர், சிவப்புத் திரை... கம்பெனிக்காரன் என்னென்னவோ காவல் வைத்தான். எதுவும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் ‘என்கிட்டயா சொல்றே’ என்று நான் சொன்னது மட்டும் அன்று முழுக்கக் காதிலேயே நின்றது.

5.40-க்கு கடைக்குப் போனால், மாதேஷ் உட்கார்ந்து ரவியின் மெஷினில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்னய்யா, ஹோய்த்துன்னே?”

“ஆமாங்க, சிப் ஹோய்த்து. சுத்தமா வந்துருச்சு. சொல்றதுக்குள்ள லைனும் ஹோய்த்து.”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன், இரண்டு டம்ளர்.

“உங்க கதை பரவால்லைங்க சார். இதுக்கு முன்னாடி இதுல சிப்பை எடுத்தவரு பாருங்க, போர்டுல ஈயத்தைச் சிந்தி வெச்சிருக்காரு.”

“முன்னாடியா?”

“நான் போடறதுக்கு முன்னாடியே யாரோ சிப் போட்டு எடுத்திருக்கறாங்க. ஸ்டிக்கரும் ஏற்கெனவே உரிச்சு ஒட்டினதுதானுங்க.”

“இதை ஜூன்லயே ஏன் சொல்லலை?”

“உங்க மெஷினு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

ரவி 7.40-க்கு வந்தான். புது டிஸ்க்கைப் போட்டான், ஓடியது. பிறகு மெஷினைத் திருப்பி, ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவினான்.

“திறக்கலையே மாமா?”

“நீ?” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சரோஜா சமையலறையிலிருந்து, “ரெண்டு பேரும் சாப்பிட வாங்க,” என்றாள். “கையை நல்லாக் கழுவிட்டு.”

ரவிதான் முதலில் சிரித்தான். “எனக்கும் அங்க சிவப்பு வந்துச்சு மாமா. பயந்துபோய் எடுத்துட்டேன். ஸ்டிக்கர் இன்னொரு தடவை உரிச்சா ஒட்டாதுன்னுதான் உங்களைத் திறக்க வேண்டாம்னேன்.”

“ஒட்டிச்சே,” என்றேன்.

அன்று இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வியாழன். 5.50-க்கு எழுந்ததும், பாலுக்குப் போவதற்கு முன்பே, புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து ‘மெஷின்’ என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே ‘சிப்’ என்று எழுதினேன். பயனிலை சரிதான்... எழுவாய்தான் தப்பு.