ரோட்டுப் பக்கம் போகச் சொன்ன மச்சான்

செய்தி தொழிற்சாலைக்குத்தான் வந்தது. சனிக்கிழமை காலை, தேயிலைக் கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தால் ஆள் விட்டுக் கூப்பிடும், கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி, அன்று தானே படியிறங்கி வந்தார். "மாணிக்கம், கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போப்பா. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாங்க. உன் மச்சான் காலையில தவறிட்டாராம்" என்றார். நான் கை கழுவாமலே ஓடினேன். லயத்து வீட்டில் என் மனைவி ரோஸ்லின் மறுநாள் விருந்துக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த விருந்தே அவளுடைய அண்ணனுக்குத்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் அரைப்பதை நிறுத்தினாள். அம்மிக்குழவியை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரிங்காப் தோட்டங்களின் முட்டைக்கோசை மலையிறக்கிக் கொண்டுபோகும் லாரி ஞானம் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் குறைவு. ஞானப்பிரகாசம் என்ற முழுப்பெயர் மாதா கோயிலில் அவரோடு பாடியவர்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களான நீங்கள் எல்லோரும் அறிந்த மனிதர் வாய் ஓயாத பேச்சுக்காரர். அடிவாரத்துத் தாப்பா இறங்கும் வரையில் கிளீனரைத் தூங்க விடமாட்டார் என்பார்கள். எனக்கு வாய்த்தவரோ என்னோடு ஒரு வார்த்தையும் பேசாத மச்சான். பேசாமலே வாராவாரம் என்னோடு வீடியோ கேம் ஆடியவர். அவரைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

தொடக்கத்தில் நாங்கள் நண்பர்கள்தான். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ஈப்போ பட்டணத்துக்குச் சும்மா அவரோடு லாரியில் போனேன். சரக்கு இறக்கிவிட்டு என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் முதன்முதலாக வீடியோ கேம் மெஷினைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் ஓடுகிற ஒரு பந்து. "மாணிக்கா, பந்து சதுரமா இருக்கு பாருடா. இவனுங்க ஊர்ல உருண்டையே கெடையாதா?" என்று கேட்டார். ஆனால் காசைப் போட்டு ஆட ஆரம்பித்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் ஒரு கோடு, நான் ஒரு கோடு. திரும்பி வரும்போது மலை வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "அந்தப் பெட்டியில ஒரு நல்ல விஷயம்டா. நீ யார் வீட்டுப் புள்ள, எந்தச் சாமி கும்புடுறன்னு அது கேக்காது" என்றார். எனக்கு அது பொருத்தமான பேச்சாகப் பட்டது. ஏனென்றால் வேறு சாமி கும்பிடும் எனக்கு அப்போதே அவர் தங்கைமேல் மனசு.

அவருக்கு அது தெரியாது. தாய் தகப்பன் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். மாதா கோயிலில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கிற நேரத்தில், அவள் என்னோடு தானா ராத்தா டவுனுக்கு வந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஞானப்பிரகாசம் நேரே அம்மாவின் கல்லறைக்குப் போனார். "அவன்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன். அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று கல்லறையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். தங்கையோடு மட்டும் பேச்சு அறுந்துவிடவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் "சாப்பிட்டியா, ஒடம்பு சுகமா" என்று கேட்பார். அவளுக்கு அது போதவில்லை. அண்ணன் தன் வீட்டில் உட்கார்ந்து தன் கையால் ஒரு வேளை சோறு சாப்பிட வேண்டும். அவள் வேறெதையும் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சில வருடங்கள் கழித்துத் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் தன் கடையில் ஒரு மேசை மெஷினை வாங்கிப் போட்டார். கண்ணாடிக்குக் கீழே திரை இருக்கும். எதிரெதிரே இரண்டு பேர் உட்காரலாம். ஆட்டத்தில் என் ஆள் மாட்டிக்கொண்டால் படம் தலைகீழாகத் திரும்பி எதிரில் இருப்பவருக்கு நேராகும். ஒரு சனிக்கிழமை மழையில் நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியின் மேல் ஒரு கை காசை வைத்தது. அடுத்த முறை எனக்கு என்று அர்த்தம். நிமிர்ந்தால் ஞானப்பிரகாசம். நான் எழுந்திருக்கவில்லை, அவரும் போகவில்லை. பாய்தான் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்க லா. மொறச்சுக்கிட்டு நின்னா என் யாவாரம் என்னாகிறது?" என்று இருவர் ஆடும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். அன்று தொடங்கியதுதான்.

அந்த ஆட்டத்தில் வளைந்து வளைந்து போகும் பாதைகள். நம் ஆள் அங்கே கிடக்கும் புள்ளிகளையெல்லாம் பொறுக்க வேண்டும், நாலு பேர் துரத்துவார்கள். ஞானப்பிரகாசம் அதை ஒரே மாதத்தில் எங்கள் எஸ்டேட்டாக மாற்றிவிட்டார். புள்ளி பொறுக்குவது கொழுந்து எடுப்பது. நேராகப் பாய்ந்து வரும் சிவப்பு, துரை. முன்னால் போய் மடக்கும் இளஞ்சிவப்பு, கிராணி. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பின்னால் வந்து நிற்கும் நீலம், கங்காணி. பக்கத்தில் வந்து எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் போகும் ஆரஞ்சு, வாட்ச்மேன். மூலையில் இருக்கும் பெரிய புள்ளிக்குச் சம்பளம் என்று பெயர் வைத்தார். அதைத் தின்றால் கொஞ்ச நேரம் நாலு பேரும் நம்மைக் கண்டு ஓடுவார்கள். "பாய், சம்பளத்தன்னிக்கு மட்டும் பாருங்க, கங்காணி நம்மளக் கண்டு ஒளியிறார். சாயந்தரத்துக்குள்ள பழையபடி ஆயிடும்" என்பார். கடையே சிரிக்கும். நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருப்பேன், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரன் அல்லவா.

பேசாதவர் என்றேனே தவிர, என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. பாயிடம் சொல்வார். "பாய், எதிர்ல இருக்கிறவர எடது பக்கம் போகச் சொல்லுங்க." அவருடைய இடது எனக்கு வலது. நான் நேராகப் போய்த் துரையின் வாயில் விழுவேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளில் அவரே அதைக் கண்டுபிடித்து இடது, வலது என்பதை விட்டுவிட்டார். மேசைக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பாயின் அடுப்பு. "ரோட்டுப் பக்கம் போகச் சொல்லுங்க", "அடுப்புப் பக்கம் கிராணி நிக்கிறார்." மேலே என்பதற்கு "என் பக்கம்", கீழே என்பதற்கு "அவர் பக்கம்". அதன்பிறகு அவர் சொன்ன வழி ஒரு நாளும் தப்பவில்லை. படத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே எனக்கு வழி சொன்ன மனிதர் அவர்.

ரோஸ்லின் என்னிடம் தூக்குச் சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். நான் அதை மேசையோரம் வைத்து, "பாய், இது அவர் தங்கச்சி குடுத்தது" என்பேன். சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவி, உள்ளே கொஞ்சம் தக்காளியோ பீன்சோ வைத்து மேசையோரம் வைப்பார். ஒரு நாள் பாய் பொறுக்கமாட்டாமல், "சட்டி போய்ட்டு வருதுல்ல, நீங்களும் ஒரு எட்டு போய்ட்டு வந்தா என்ன?" என்று கேட்டார். ஞானப்பிரகாசம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "சத்தியம் பண்ணிட்டேன் பாய். சரி, அவர் என்னை இந்த ஆட்டத்துல ஒரு தடவ ஜெயிக்கட்டும். ஜெயிச்சவன்கிட்ட பேசாம இருக்கறது மரியாதையில்ல. அம்மாவும் ஒத்துக்கும். அன்னிக்கு வர்றேன்."

சொல்வது சுலபம். அவர் ஊர் ஊராக லாரி ஓட்டிப் போய் எல்லா ஊர் மெஷினிலும் ஆடியவர். நான் இந்த ஒரு மேசையை விட்டால் வேறு அறியாதவன். வாராவாரம் தோற்றேன். வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லின் என் கையைப் பார்ப்பாள், வாயைப் பார்ப்பாள். பிறகு உலை வைக்கப் போய்விடுவாள். ஒரு நாள் அவளே சொல்லி அனுப்பினாள்: "அண்ணன்கிட்ட சொல்லுங்க, ஒரு தடவ தோத்துட்டு வரச் சொல்லி." நான் அதைப் பாயிடம் சொல்ல, பாய் அவரிடம் சொன்னார். அவர் நிமிரவே இல்லை. "வேணும்னு தோத்தா அம்மாவுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். 

ஒரே ஒரு முறை நெருங்கினேன். அவர் ஆட்டம் முடிந்துவிட்டது, நான் அவரைத் தாண்ட இன்னும் கொஞ்சம் கொழுந்துதான் பாக்கி. கடையில் எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அவரோ தான் தோற்றுவிடுவோம் என்பதையே மறந்து, "பாய், ரோட்டுப் பக்கம் போகச் சொல்லுங்க, ரோட்டுப் பக்கம், சீக்கிரம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது. வெளியே மழை, உள்ளே இருட்டு. கரண்ட் திரும்பி வந்தபோது மெஷினில் எங்கள் இருவரின் எண்களும் இல்லை. "ஜெயிச்ச மாதிரிதானே லா" என்றார் பாய். "மாதிரி வேற, ஜெயிக்கறது வேற" என்று சொல்லிவிட்டு ஞானப்பிரகாசம் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். அவருக்கும் வர வேண்டும் என்று ஆசை இருந்தது. நனைந்துகொண்டே போன அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் திரிங்காப்பில் சரக்கு ஏற்றும்போது அவருக்கு நெஞ்சு அடைத்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரோஸ்லின் தினமும் பகலில் போய் வந்தாள். வெள்ளிக்கிழமை தேறிவிட்டார் என்றும், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். அன்று மாலை வேலை முடிந்து நான் போனேன். என்னைக் கண்டதும் அங்கே நின்ற தாதியிடம், "மிஸ்ஸி, அவர உக்காரச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் போய்விட்டாள். எங்களுக்கு நடுவே பாய் இல்லை, மெஷின் இல்லை. கட்டிலின் குறுக்கே சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம்தான் இரண்டு பேர் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது?

அவர்தான் தொடங்கினார். இடது கையைக் குவித்துப் பலகையின் மேல் வைத்தார், மெஷினின் ஆட்டக் குச்சியைப் பிடிப்பதுபோல. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இருந்தது. நானும் என் பக்கத்தில் கையை வைத்தேன். வெறும் பலகையில் ஆடினோம். ஜன்னலுக்கு வெளியே ரோடு. என் முறை வந்தபோது, "ரோட்டுப் பக்கம்" என்று முணுமுணுத்தார். போகச் சொல்லுங்க என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. "துரை வர்றார். என் பக்கம்... என் பக்கம்..." நான் போனேன். பிறகு அவர் முறை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"போச்சு" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஜெயிச்சுட்டீங்க மாப்ள. ஞாயித்துக்கெழம சோறாக்கச் சொல்லுங்க."

நானும் கையை எடுத்தேன். "மச்சான், வேணும்னு தோத்தா அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"வேணும்னு தோக்கல" என்றார். "கங்காணி வந்தத நான் பாக்கல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரோஸ்லின் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள், உடனே எழுந்து மிளகாய் இருக்கிறதா என்று பார்த்தாள். சனிக்கிழமை காலை அவள் மசாலா அரைத்தது அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவரை அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ரோஸ்லின் ஆட்டுக்கறி சமைத்துத் தூக்குச் சட்டியில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அதுவரை அவள் பாய் கடையைப் பார்த்ததில்லை. "அண்ணன் எந்தப் பக்கம் உக்காருவாரு?" என்று கேட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்தாள். பாய் வந்து இருவர் ஆடும் பொத்தானை அழுத்தினார். என் ஆள் மாட்டிக்கொள்ள, படம் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்துக்கொண்டு, "எங்கங்க போறது?" என்றாள். "ரோட்டுப் பக்கம்" என்றேன். போனாள். நாலு புள்ளி எடுப்பதற்குள் கங்காணி பிடித்துவிட்டார். பாய் எங்கள் மூவருக்கும் தட்டு கொண்டுவந்து, சட்டியைத் திறந்தார். ரோஸ்லின் அண்ணனுடைய இடத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டாள்.

அவர் லாரி வேறு கைக்குப் போய்விட்டது. அவர் நல்ல சட்டையை அவரோடேயே அனுப்பிவிட்டோம். என்னிடம் இருப்பது அவர் என்னைக் கூப்பிட்ட ஒரு 'மாப்ள'வும், கடைசியாகச் சொன்ன அந்த ஒரு பொய்யும்தான். வாழ்நாளில் அவர் அம்மாவிடம் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எங்கள் வீட்டுக்கு வருவதற்காகச் சொன்னார்.

அந்தப் பலகையில் கங்காணியே இல்லை மச்சான். நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.