வெல்டிங் வைத்த புஷ்

செங்கல்பட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள கல்குவாரிகளில் பாறையைத் துளைக்கும் டிரில் வண்டிகளுக்குப் புஷ் கடைந்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. புஷ் என்பது கனமான ஓர் இரும்பு வளையம். சுழன்று இறங்கும் ராடு ஆடாமல் நேராகப் போவது அதனால்தான். தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை, டிரில் ஆபரேட்டர் ஒருவர் பைக்கில் வந்தார். கடப்பாக்கத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் குவாரி வேலைக்கு வந்தவர். நான்கு வருடப் பழக்கம். தேய்ந்த புஷ்ஷைப் பழைய பனியனில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

“அண்ணாத்த, ராடு தாறுமாறா ஆடிக்கினு கீது. புச்சா ஒண்ணு போட்டுக் குடு.”

அதற்கான இரும்பு கைவசம் இல்லை. சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் குவாரி சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு நாள் வண்டிய நிறுத்த முடியாதுப்பா. பழசுலயே வெல்டிங் வச்சுக் கடைஞ்சு குடு.”

“தாங்காது சார். வெடிச்சிடும்.”

“நான் பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

செய்தேன். தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, அளவுக்குக் கடைந்து கொடுத்தேன். ஆபரேட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புச்சு மாதிரியே கீதே!” என்று சிரித்தபடி கிளம்பினார். நான் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், புதுத் துளை ஆரம்பிக்கும்போது வெல்டிங் பெயர்ந்து புஷ் இரண்டாகப் பிளந்தது. ராடு விலகி அடித்ததில், பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டரின் வலது கை வண்டிக் கம்பத்தோடு நசுங்கியது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வந்தது. அவர் மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்காராமலே, போனில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். ஆபரேட்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அந்தாளுகிட்ட சொன்னியே, எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?”

அவரே தொடர்ந்தார்.

“சொல்லியிருந்தாலும் வேலைக்குப் போயிருப்பேன் அண்ணாத்த. ஆனா தள்ளி நின்னிருப்பேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “நீங்க கெளம்புங்கண்ணா” என்றார் மனைவி.

இப்போது பழைய புஷ்ஷுக்கு வெல்டிங் வைத்துத் தருவதில்லை. அந்தக் குவாரிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே வைத்துக் கொடுக்கிறார்களாம்.

இரண்டு முறை கடப்பாக்கம் போனேன். முதல் முறை, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை வெளியே வந்து நின்று பேசினார். மனைவி மீன் விற்கப் போயிருப்பதாகச் சொன்னார். சட்டைப் பொத்தான் போடத்தான் இன்னும் பழகவில்லை என்றார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.