பத்தொன்பது வருஷம் தைத்தவளுக்குத் தையல் பயிற்சி

கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் காலர் தைத்தேன். எங்கள் லைனை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டிலிருந்தே தைக்கலாமென்று, அரசாங்கம் தரும் இலவசத் தையல் மிஷினுக்கு மனு எழுதிக்கொண்டு ஜோகுபாளையத்திலிருந்து வார்டு ஆபீசுக்கு நடந்தேன்.

கிளார்க் மனுவைக் கையால்கூடத் தொடவில்லை.

"இப்ப நாங்க கொடுக்கறதில்லம்மா. ஒரு சம்ஸ்தேகிட்ட ஒப்படைச்சாச்சு. அங்க டிரெயினிங் எடுத்து சர்டிஃபிகேட் வாங்குங்க, மிஷின் கிடைக்கும்."

சம்ஸ்தே என்றால் தொண்டு நிறுவனம். முன்பெல்லாம் "நாளைக்கு வா" என்பார்கள்; நாளைக்குப் போய்ச் சண்டையாவது போடலாம். இப்போது அதற்கும் வழியில்லை. கொடுக்க வேண்டியவர் கையைக் கழுவிவிட்டார். கொடுப்பவரோ தர்மம் செய்கிறவர்; தர்மம் செய்கிறவரிடம் யார் சண்டை போடுவது?

அல்சூரில் ஒரு மாடியில் இருந்தது சம்ஸ்தே. அதை நடத்திய மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, நல்ல தமிழ்.

"எனக்குத் தைக்கத் தெரியும் மேடம். மிஷின் மட்டும் போதும்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. முதல்ல உங்களுக்கு உங்க மேல நம்பிக்கை வரணும்."

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அவரே 'இல்லை' என்று எழுதினார். அனுபவம் இருந்தால் திட்டத்தில் சேர்க்க முடியாதாம். மிஷின் வேண்டுமே, கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தோம். அதில் எட்டுப் பேர் கார்மெண்ட்ஸில் வேலை செய்தவர்கள். முதல் மாதம் முழுக்க மிஷினையே காட்டவில்லை. கைகோர்த்து வட்டமாக நிற்கச் சொன்னார்கள். சார்ட் பேப்பரில் எங்கள் கனவை வரையச் சொன்னார்கள். இரண்டாவது மாதம் ஒரு டீச்சர் வந்தார். நூல் சுற்றிய பாபினைத் தலைகீழாகப் போட்டு, நூலைச் சிக்கலாக்கிவிட்டு விழித்தார். நான் எழுந்துபோய்ச் சரிசெய்தேன். அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் போட்டோ எடுத்தார்.

சர்டிஃபிகேட் விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வந்தார்கள். மேடம் என் கையில் ஒரு தாளைத் திணித்தார்: 'ஊசியில் நூல் கோர்க்கவும் தெரியாமல் இங்கே வந்தேன்.' தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மைக் முன் நின்றேன்.

"நான் பத்தொன்பது வருஷம் காலர் தச்சவ. இங்க எனக்கு யாரும் தையல் கத்துக்கொடுக்கல. நான்தான் கத்துக்கொடுத்தேன். அரசாங்கம் கொடுக்கற மிஷினுக்காக மூணு மாசம் உக்காந்திருந்தேன்."

மேடம் சிரித்த முகத்தோடு மொழிபெயர்த்தார். கார்மெண்ட்ஸுக்குச் சரக்கு வாங்க வந்துபோகும் வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். 'இவர் ஊசி பிடிக்கத் தெரியாமல் வந்தார், இன்று பிறருக்கே சொல்லிக்கொடுக்கிறார்' என்றார் மேடம். ஒரே கைதட்டல். நரைத்த தலைப் பெண்ணொருத்தி கண்கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மிஷின் வந்தது, மேலே சம்ஸ்தேயின் பெயர் ஒட்டி. அரசாங்கத்தின் பெயர் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாளில் மேடம் போன் செய்தார்.

"அடுத்த பேட்சுக்கு நீங்க சொல்லிக்கொடுக்கணும்மா. வாலண்டியரா. ஒரு சேவை மனப்பான்மையோட."

"முடியாது மேடம். தைக்கத் துணி குவிஞ்சு கிடக்கு."

"உங்களுக்கு நாங்க இவ்வளவு செஞ்சோமே" என்றார்.

அது நடிப்பில்லை, உண்மையாகவே வருந்தினார். தெரிந்தே பொய் சொன்னவர் என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பினார். போனை வைத்துவிட்டுக் குவிந்து கிடந்த துணியில் அடுத்ததை எடுத்தேன்.