இரண்டு வாரம் மட்டும்

என் அக்கா புருஷனை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரசமட்டம்' என்பார்கள். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை எடுக்குமுன்பே ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, சுவர் மேலே நூலளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கருவியை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். முப்பது வருடக் கொத்தனார்.

நான் பெயிண்டர். கொத்தனார் பூசி முடித்த சுவரில்தான் என் பிழைப்பு. வேறு ஆள் பூசிய சுவர் என்றால் பட்டி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே என் தோள்பட்டை கழன்றுவிடும். மாமா பூசிய சுவரில் உள்ளங்கையை ஓட்டினால் எங்கும் தட்டாது. உனக்கு வேலையே வைக்கவில்லை, சும்மா கலரைக் காட்டிவிட்டுப் போ என்று என்னை வாருவார். உங்கள் சுவரை யார் பார்க்கிறார்கள், என் கலரைத்தானே பார்க்கிறார்கள் என்று நானும் விடமாட்டேன்.

அடி, அங்குலம், சதுர அளவு எல்லாம் அவருக்கு விரல் நுனியில். எழுத்து மட்டும் படிக்கத் தெரியாது. அக்காவுக்கும் அதே கதைதான். அந்த வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஒளிப்பானேன்.

அவருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. சிமெண்ட் கை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அரிப்பு புறங்கைக்கு ஏறி, தோல் சிவந்து, வெடித்து, நீர் கசிய ஆரம்பித்தது. சாப்பாட்டைப் பிசைந்தால் கை எரிகிறது என்று அக்கா ஒரு ஸ்பூனைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்த அன்றுதான், வாங்க மாமா என்று தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு அன்று கூட்டம் தாங்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிமெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். களிம்பு ஒன்று எழுதினார். எப்படிப் பூச வேண்டும் என்று எல்லாம் இதில் இருக்கிறது, படித்துப் பார்த்துச் செய்யுங்கள் என்று சீட்டை என்னிடம் நீட்டினார். படித்த ஆள் மாதிரி நான்தான் தெரிந்திருப்பேன்.

மருந்துக்கடை வாசலில் நின்று படித்தேன். இரவில் ஒரு முறை மட்டும். மெல்லியதாக. ஒரு கைக்கு முன்னும் பின்னும் சேர்த்து, ஆட்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் போதும். இரண்டு வாரம் மட்டும், பிறகு வந்து காட்டவும். பூசிய கையைக் கட்டி மூடக் கூடாது. கை ஆறும்வரை சிமெண்ட் தொடக் கூடாது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். அப்போது ஒரு பெரிய மண்டபத்தின் வளைந்த கூரைக்கு அவர் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். அது முடிந்தால்தான் நான் உள்ளே போக முடியும். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அவர் வீட்டில் உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும். என்ன போட்டிருக்கிறது என்று மாமா கேட்டார்.

"ராத்திரி ஒரு தடவை பூசணுமாம் மாமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பொய் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மண்டபம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனுஷன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குக் குறைவா என்ன.

களிம்பு நல்ல களிம்புதான். பத்தே நாளில் கை பளிச்சென்று ஆனது. அவர் மறுபடி கையால் பிசைந்து சாப்பிட்டார், அக்கா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்தை நிறுத்திய இரண்டாம் நாளே அரிப்பு திரும்பியது. பகலெல்லாம் சிமெண்டில் கை வைத்துக்கொண்டிருந்தால் திரும்பாமல் என்ன செய்யும்? அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பழைய சீட்டைக் காட்டி இன்னொரு டியூப் வாங்கி வந்தேன். அந்த மருந்துக்கடைக்கு வெள்ளையடித்தவன் நான் என்பதால் கடைக்காரர் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சீட்டு இல்லாமலே கொடுத்தார்.

மாமா தன் தொழில் புத்தியை மருந்திலும் காட்டினார். புதுத் தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பார்களே, அப்போதுதான் இறுகும் என்று, அதே கணக்கு. களிம்பைக் கனமாக இரண்டு பூச்சு பூசி, மேலே ஈரத்துணி சுற்றி, பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு படுப்பார். "சும்மா பூசினா காத்துல போயிடும் மாப்ள, உள்ள இறங்கணும்" என்பார். உள்ளேதான் இறங்கியது. மூடி வைத்தால் அதன் வீரியம் பல மடங்கு ஏறும் என்பதற்காகத்தான் கட்டி மூடாதே என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து, குத்துச்சண்டைக்குப் போகிறீர்களா மாமா என்று கிண்டல் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மண்டபம் முடிந்தது. என் வேலையும் முடிந்தது. அடுத்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது, அதற்கடுத்து வரிசை வீடுகள். சொல்வதற்கு ஒவ்வொரு மாதமும் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. நான் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வருமே.

ஒன்பதாவது மாதம் புறங்கைத் தோல் பாலாடை மாதிரி மெலிந்திருந்தது. உள்ளே நரம்பு தெரிந்தது. எங்கே இடித்தார் என்று அவருக்கே தெரியாமல் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வந்தது. கதவுத் தாழ்ப்பாள் உரசினால் தோல் உரிந்தது. ஒரு நாள் சாரத்தில் நின்று பூசும்போது கலவையில் இருந்த சிறு கல் கீறிவிட்டது. களிம்பு மறைத்துவிட்டதால் வலியோ சிவப்போ பெரிதாக இல்லை, அதன் மேலும் அவர் களிம்பைப் பூசிக் கட்டிவிட்டார். உள்ளே சீழ் பிடித்தது வெளியே தெரியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. கை முழங்கை வரை வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். கையை எடுக்க வேண்டியிருக்குமோ என்று முதல் இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கை பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அதே டாக்டரம்மா வந்தார். பழைய குறிப்பைப் புரட்டினார். இரண்டு வாரத்துக்கு எழுதின மருந்தை ஒன்பது மாதம் பூசச் சொன்னது யார் என்று கேட்டார். நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் பூசினேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

டாக்டரம்மாவின் குரல் தணிந்துவிட்டது. மருந்தின் மேல் தப்பில்லை, அளவோடு பூசியிருந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்றார். இத்தனை நாள் பூசியதைச் சட்டென்று விட்டால் தோல் மறுபடி கொதித்தெழும், அதனால் வீரியம் குறைந்த களிம்புக்கு மாறி, இடைவெளி விட்டு விட்டுக் குறைக்க வேண்டும். நடுவில் சாதாரண எண்ணெய்க் களிம்பு பூசிக் கையைக் காயாமல் வைக்க வேண்டும். தோல் கொஞ்சம் தேறும், பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. சிமெண்ட் இனி உங்களுக்கு ஆகாது.

"கரணை பிடிக்கலாமா?" என்று கேட்டார் மாமா.

தாராளமாகப் பிடிக்கலாம், சிமெண்டைத்தான் தொடக் கூடாது என்றார் அந்த அம்மா. பாவம், அவருக்குத் தெரியாது. சிமெண்ட் கலவையை அள்ளிப் பூசுவதைத் தவிர கொத்தனார் கரணையை வேறு எதற்குப் பிடிப்பது?

புதுச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா வண்டி பிடிக்கப் போயிருந்தாள். அவர் டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் அன்னைக்கே படிச்சேன். ரெண்டு வாரம் மட்டும்னு இருந்துச்சு. சிமெண்ட் தொடக் கூடாதுன்னும் இருந்துச்சு. மண்டபம் வேலை நின்னுடும்னு சொல்லாம விட்டேன்."

அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நீ சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனான்னு தெரியல மாப்ள. எனக்கும் அந்தக் கூரையை முடிக்கணும்னு வெறிதான். ஆனா அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? என் கை."

நான் சீட்டை விரித்தேன். இந்த முறை ஒரு வரி விடாமல் படிக்கிறேன் மாமா என்றேன். அவர் இன்னொரு கையை நீட்டி, கோபமில்லாமல், அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த பெண்ணிடம் காகிதத்தைக் கொடுத்து, எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, இதை முழுசாப் படிச்சுச் சொல்லு என்றார்.

அந்தப் பெண் நிதானமாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டி, அதைத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டுக்கொண்டார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் காகிதத்தையும் படிக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.