நோரீன் கட்டிய ஒரே பந்தயம்

நோரீனின் அப்பா கோதுமை நிலம் முழுவதையும் குதிரைகள் மேல் கட்டித் தொலைத்தவர். அதனால் பந்தயம் என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்திரேலியாவில் மெரெடின் என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மதுக்கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. புருஷன் டெஸ் உள்ளே இருந்தால் வாசலில் வண்டியை நிறுத்தி, அவன் வரும்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்க மாட்டாள்.

டெஸ் எதிலும் ஒன்றோடு திருப்திப்படாதவன். வியாதியும் இரண்டாக வந்தது. இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களில் அடைப்பு; வயிற்றில் பெருந்தமனி ஆரஞ்சுப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. பெர்த்தில் சர்ஜன் அம்மாள் பூசிமெழுகவில்லை.

"இதயத்தை முதல்ல பண்ணினா, அது ஆறுறதுக்குள்ள வயித்துக் குழாய் வெடிச்சிடலாம். வயித்தை முதல்ல தொட்டா, இதயம் மேசையிலேயே நின்னுடலாம். ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணினா உடம்பு தாங்கணும். யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்."

மதுக்கடைக் கூட்டத்துக்கு இது போதாதா? அன்று சாயங்காலம் எவ்வளவு ஹார்ன் அடித்தும் டெஸ் வரவில்லை. நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கடைக்காரன் கெவ் மூன்று சீட்டு எழுதி, சர்ஜன் எதைச் செய்வாள் என்று பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தான்: இதயம், வயிறு, இரண்டும். டெஸ்ஸே வயிற்றின் மேல் பணம் கட்டியிருந்தான்.

"நாலாவது சீட்டு எங்கடா?" என்றான் டெஸ்.

"நாலாவது என்ன?"

"நான் செத்துப்போறது. அது இல்லாம என்னடா பந்தயம், தொடைநடுங்கிப் பசங்களா."

கெவ் அதையும் எழுதி வைத்தான். ஒருவன் கையும் அதன் பக்கம் போகவில்லை. எல்லாரும் அவரவர் பியரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத எங்கிட்ட குடு, கெவ்," என்று நோரீன் பணத்தை வைத்தாள்.

டெஸ் இளித்தான். "நான் போனா லாபம் பாக்கலாம்னு இருக்கியா?"

"நீ போய்ச் சேர்ந்து, அதுல இந்தத் தடியனுங்கள்ல ஒருத்தன் காசு ஜெயிக்க நான் விடமாட்டேன். வண்டில ஏறு."

வீடு வரும்வரை காலி ரோட்டிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினாள். கோபம் என்று சொல்லிக்கொண்டாள். பயம்தான்.

சர்ஜன் இரண்டையும் ஒரே நாளில் செய்தாள். காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனவனைப் பற்றிப் பொழுது சாயும்வரை ஒரு தகவலும் இல்லை. கடைசியில் சர்ஜன் முகமூடியை இறக்கியபடி வந்தாள்.

"ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது. தாங்கிட்டாரு."

"அப்போ எம்பணம் போச்சு," என்றாள் நோரீன்.

சர்ஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்துப் பிள்ளைகள் யாரும் பார்த்திராத விதமாக, வாய்விட்டு அழுதாள்.