பின் சீட்டில் ஊசி கோர்த்தவர்

தங்கை கார் வாங்கப் போகிறாள் என்ற செய்தி வந்த அன்றே தையல்காரர் தன் அளவு நோட்டில் புதுப் பக்கம் எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கார், அந்தப் பக்கம் இன்னொரு கார். இரண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே முகம். ஒன்று கொஞ்சம் துடிப்பான எஞ்சினோடு, பின்னால் சின்ன இறக்கையும் சீட்டுக்குச் சிவப்பு நூல் தையலுமாக வேகத்தின் சாயலைக் காட்டி நின்றது. மற்றது நிஜமாகவே பறக்கிற ரகம். டர்போ எஞ்சின், தரையோடு பதுங்கிய உடம்பு, பின்னால் நான்கு சைலன்சர் வாய். ஷோரூம்காரர் முதல் தடவை போனில் பேசும்போதே சாதுவைத் தம்பி என்றும் முரடனை அண்ணன் என்றும் சொல்லிவிட்டார். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தையல்காரர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் கால் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். கார்களின் அகலத்தை ‘இடுப்பு’ என்ற கட்டத்திலும், நீளத்தை ‘கால் உயரம்’ என்ற கட்டத்திலும் எழுதி வைத்தார். நோட்டை எட்டிப் பார்த்த அவர் மனைவி, “காருக்கு பேன்ட் தைக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தங்கைக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். நாற்பது வயதாகியும் அது மாறவில்லை. பதினோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். கனரக லைசென்ஸ் எடுக்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்து, பிரேக் கால் எட்டுமா என்று கேட்டாராம். அவள் பதில் சொல்லாமல் ஏறி, வண்டியைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினாளாம். இதைத் தையல்காரர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் எங்கே ஓட முடியும்? முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விபத்து. நோயாளியை ஏற்றிவர சைரன் போட்டுக்கொண்டு போனவளை நாற்சந்தியில் பக்கவாட்டில் வந்த ஒரு லாரி இடித்துத் தள்ளியது. பொடிசுக்கு நெற்றியில் வீக்கத்தோடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்த அம்மா மூன்று மாதத்தில் தேறி வேலைக்கே திரும்பிவிட்டார். விசாரணையிலும் பொடிசின் மேல் தப்பில்லை என்றுதான் எழுதினார்கள். ஆனால் அவள் ஸ்டீயரிங் பக்கம் போகவில்லை. கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரரும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதும் உடைந்துபோகுமோ என்று ஒரு பயம்.

இப்போது அவளாகவே கார் வாங்க வேண்டும் என்கிறாள். தையல்காரர் தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அண்ணன் வண்டியை எடுத்தால் பயம் போய்விட்டது. தம்பியை எடுத்தால் பயம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, இனி ஆம்புலன்ஸ் அவளுக்கு இல்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? கடையில் பத்துப் பேரிடம், தங்கச்சி அண்ணன் வண்டியைத்தான் எடுக்கிறாள் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பஸ் பிடித்து ஷோரூமுக்குப் போனார்கள். ஷோரூம்காரர் கழுத்தில் டை இறுக, டீ கொடுத்து, டயர் அகலம் தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பித்தார். தையல்காரர் நோட்டில் சரிபார்த்தபடி வந்தார். அண்ணன் வண்டியின் சீட்டைத் தடவி, அங்குலத்துக்கு ஆறு தையல், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நூல் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை என்று ஷோரூம்காரர் ஒப்புக்கொண்டார்.

முதலில் அண்ணன் வண்டி. பொடிசு சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். பிறகு ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் அந்தக் கைகளையே பார்த்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பின்னால் இருந்த ஷோரூம்காரர், சாவி போடத் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்று உதவிக்கு வந்தார். அவள் தலையாட்டினாள். அழுத்தினாள்.

ஊருக்கு வெளியே அகலச் சாலை வந்ததும் அவள் காலை அழுத்திய அழுத்தில் தையல்காரரின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் பின்னால் எங்கேயோ தங்கிவிட்ட மாதிரி இருந்தது. வளைவில் வண்டி வழுக்காமல் திரும்பியது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கை நடுங்கவில்லை. அவருக்கு அந்த நிமிடமே கடைக்கு ஓடிப்போய் பத்துப் பேரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஷோரூமுக்குத் திரும்பியதும், இதையே எழுதிவிடலாமா என்று ஷோரூம்காரர் தாளை எடுத்தார். எழுதுங்கள் என்று தையல்காரர் சொல்ல வாயெடுக்கும் முன்னே பொடிசு இறங்கி வந்தாள்.

“இருங்க சார். அண்ணா, நீ பின்னாடி போய் உக்காரு. ஊசி வச்சிருக்கியா?”

தையல்காரரின் சட்டைக் காலர் அடிமடிப்பில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூட வரும். நூல் மட்டும் இல்லை. அவர் தன் சட்டையின் கீழ்மடிப்பிலிருந்தே ஒரு இழையை உருவிக்கொண்டார்.

“நான் ஓட்டும்போது அதைக் கோத்துக்காட்டு” என்றாள் பொடிசு.

இந்தத் தடவை அகலச் சாலை இல்லை. சந்தைக்குப் பின்னால் குண்டும் குழியுமாகப் போகும் தெரு, இரண்டு வேகத்தடை, ஒரு தண்டவாளம். அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். ஆனால் அண்ணன் வண்டியின் சஸ்பென்ஷன் கல்லாக இருந்தது. சாலையில் கிடந்த ஒரு கூழாங்கல்லைக்கூட அது பின் சீட்டுக்குத் தவறாமல் தெரிவித்தது. முப்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டே ஊசி கோர்த்த கை, காதைத் தவிர ஊசியின் எல்லா இடத்தையும் தொட்டது. தண்டவாளத்தில் ஊசி கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது.

பிறகு தம்பி வண்டி. அதே தெரு, அதே வேகத்தடை. மேடு வருவதற்கு முன்பே அவள் காலை எடுத்தது தெரியாமல் எடுத்தாள், பிரேக் பிடித்தது தெரியாமல் பிடித்தாள். தண்டவாளம் தாண்டுவதற்குள் தையல்காரர் மூன்று தடவை கோர்த்து, மூன்று தடவை உருவியிருந்தார். ஷோரூம்காரர் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு டெஸ்ட் டிரைவ் பார்த்ததில்லை போலும், கழுத்து டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

“சார், தம்பியை எழுதிக்கோங்க” என்றாள் பொடிசு வண்டியை நிறுத்திவிட்டு.

தையல்காரரின் கணக்குப்படி, அப்படியென்றால் பயம் உள்ளேயேதான் இருக்கிறது. ஷோரூம்காரர் தாள் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்தார். எட்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

“பயமா இருக்காம்மா? அதான் சின்னதா?”

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். “பயந்தவ அந்த வளைவுல அப்படித் திருப்புவாளா? நீதான் கண்ணை மூடிக்கிட்டே.”

“மூடலை. ஓரமாப் பாத்தேன்.”

“எனக்கு வண்டியைப் பத்திக் கவலையே இல்லண்ணா. நர்ஸக்கா ஓடற வண்டியில நின்னுக்கிட்டு ஊசி போடுவாங்க. அந்தக் கை ஆடாம பாத்துக்கறதுதான் என் வேலை. அன்னிக்கு இடிச்சப்போ அவங்க பின்னாடி கத்தின சத்தம் காதுலயே நின்னுபோச்சு. இனிமே பின்னாடி ஆளை வச்சு ஓட்ட வருமான்னு தெரியலை. யாரை உக்கார வச்சுப் பாக்கறது? உன்னை விட்டா எனக்கு யாரு?”

தையல்காரர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

“மூணு தடவை கோத்தியா?”

“மூணு தடவை.”

“அப்போ சரி.” அவள் பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வேலைக்கே திரும்ப விரும்புகிறேன் என்ற விண்ணப்பம். கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தாள். அண்ணனின் நோட்டை வாங்கி அடியில் வைத்து, அங்கேயே காரின் பானெட் மேல் கையெழுத்துப் போட்டாள்.

 தையல்காரர் ஷோரூம் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கேட்டு வாங்கி இன்னொரு டீ குடித்தார். அவர் போட்ட கணக்கில் அளவுநாடாவையே தலைகீழாகப் பிடித்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அப்படி ஒரு தப்புக்காக அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. மனைவிக்குப் போன் போட்டு, தம்பிதான் முடிவாயிற்று என்றார். கடையில் அந்தப் பத்துப் பேருக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். “உண்மையைச் சொல்லிக்கறேன்” என்றார். “இது இன்னும் நீளமான கதை. சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு கோட்டுக்கே அளவு எடுத்துடலாம்.”

வண்டி கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இருவரும் வந்த மாதிரியே பஸ் ஏறினார்கள். இந்த எட்டு மாதமும் பொடிசு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே வருவாள். இன்று காலி சீட் நிறைய இருந்தும் உட்காரவில்லை. டிரைவருக்கு நேர் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். முதல் நிறுத்தத்தில் பஸ் குலுங்கி நின்றதும் அண்ணன் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள்.

“பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க? பின்னாடி உக்காந்திருக்கறது மனுஷங்கதானே.”

தையல்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். வீடு வந்து சேரும்வரை அவள் அந்த டிரைவரை விடவில்லை. அவரும் ஒவ்வொரு குறைக்கும் சளைக்காமல் தலையாட்டிக்கொண்டே வந்தார்.