லில்லி கலக்கிய மூன்று கிலோ மண்

லில்லி பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. முசரவாக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, எங்கள் கவர் கம்பெனியில் பிளாஸ்டிக் குருணையை உருக்கிக் கலக்கும் மெஷினை ஓட்டுகிறாள். நான் அங்கே பெட்டி கட்டுகிறவன். பட்டுப்புடவைக்குக் கவர் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. "சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான் லில்லி, நாளைக்கே லெட்டர்" என்று முதலாளி ஆதிகேசவன் வருடா வருடம் சொல்கிறார். அவர் சொல்லும் அந்த நாளை மட்டும் எந்தக் காலண்டர்காரனும் இன்னும் அச்சடிக்கவில்லை.

முதலாளிக்கு மாகறல் பக்கம் நிலம், கவுன்சிலர் ஆகும் ஆசை, மைக் இல்லாமலே பேசும் வாய். சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போனவர், மதியச் சாப்பாட்டோடு 'நானோ களிமண்' என்ற வார்த்தையையும் வாங்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக்கில் இந்த மண்ணைக் கொஞ்சம் கலந்தால் கவர் உறுதியாகும், காற்றும் ஈரமும் உள்ளே போவது குறையும், ஜரிகை சீக்கிரம் கறுக்காது. விஷயம் உண்மைதான்.

அதை உண்மையாக்கியவள் லில்லி. மண்ணை நன்றாகக் காயவைத்தாள். மண்ணும் பிளாஸ்டிக்கும் ஒட்டுவதற்கென்றே விற்கும் குருணையைச் சேர்த்தாள். நூறு கிலோ பிளாஸ்டிக்குக்கு மூன்று கிலோ மண் கணக்கில் இரண்டு தடவை மெஷினில் விட்டு எடுத்தாள். கண்ணாடியாக வந்தது கவருக்கான ஃபிலிம். சாம்பிள் ஒரு பெரிய பட்டுக்கடைக்குப் போனது. அங்கே கொள்முதல் பார்க்கும் துர்கா, நேரில் வருவதாகச் சொன்னார். "என் சொந்த ஃபார்முலா மேடம்" என்று முதலாளி போனில் கூசாமல் சொன்னதை நானே கேட்டேன்.

போனை வைத்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. "மூணு கிலோவுக்கே இப்டின்னா, பத்து கிலோ போடு லில்லி. காயவெக்கறது, ரெண்டு தபா வுடறது எல்லாம் தண்டம்."

லில்லி பொறுமையாகத்தான் சொன்னாள். "மொதலாளி, மண்ணு இதழ் இதழா பிரிஞ்சு பரவணும். கருட சேவைக்குக் கம்பு கட்டி ஜனத்த வளைச்சு வளைச்சு வுடறாங்க இல்ல, அந்த மாதிரி காத்து சுத்திக்கினு போவணும். கம்பெல்லாம் ஒரே மூலைல குவிஞ்சா ஜனம் நேரா பூந்துடும். பத்து கிலோவ இப்டி போட்டா கட்டி தட்டிடும். கட்டி இருக்கற எடத்துலதான் மொதல்ல கிழியும்."

"நீ செமினாருக்குப் போனியா, நான் போனனா?"

அவள் காயாத மண்ணைப் பத்துக் கிலோ அளந்து மெஷினில் கொட்டினாள். சூப்பர்வைசர் வேலை அவர் வாயில் அல்லவா இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் என் வேலையும் அதே வாயில்தான் இருந்தது.

துர்கா வந்தார். முதலாளி பத்துக் கிலோ மண் போட்ட ஃபிலிமை விரித்து, "ரெண்டு ஆளு இழுத்தாலும் கிழியாது மேடம்" என்று தானே இரண்டு கையாலும் இழுத்தார். கடுகு கடுகாகக் கட்டி தெரிந்த இடத்தில் அது பர்ரென்று கிழிந்தது. இழுத்த வேகத்தில் அவர் முழங்கை பின்னால் இருந்த டீ டம்ளரைத் தட்டிவிட்டது.

"லில்லி ஒழுங்கா கலக்கல மேடம். இவள இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றார், மூச்சு விடாமல்.

துர்கா திரும்பினார். "ஏம்மா, நீங்க கலக்கினதா?"

லில்லி துர்காவைப் பார்த்தே சொன்னாள். "கலக்கினது நான்தாம்மா. பத்து கிலோ போடச் சொன்னதும், காயவெக்காத போடச் சொன்னதும் இவரு. நீங்க மொதல்ல பாத்தது நான் என் கணக்குல கலக்கினது." உள்ளே போய் அந்த ரோலை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

துர்கா இழுத்தார், முறுக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான் எனக்கு வேணும். இவங்க கலந்தா மட்டும் ஆர்டர்."

ஆதிகேசவன் முகம் தேர்தல் முடிவு வந்ததும் கட்சி மாறுகிறவன் முகமாக மாறியது. "எங்க லில்லி, மேடம்! நான் வளத்த பொண்ணு! சூப்பர்வைசரே அவதான். இன்னா லில்லி, மெஷினப் போடு, நாளைக்கு லெட்டர் தரேன்."

லில்லி கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "லெட்டர் வரட்டும் மொதலாளி" என்று மூட்டைமேல் உட்கார்ந்தாள். துர்காவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டைப் அடிக்கிறவர் அன்று லீவு. ஆதிகேசவன் தன் கையாலேயே எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். லில்லி அதை இரண்டு தடவை படித்தாள். தேதி போடாமல் விட்டிருந்தார். திருப்பிக் கொடுத்து, இன்றைய தேதியைப் போடச் சொன்னாள்.